ஃப்ளூவுக்கு மருந்து: திருடனைப் பிடிப்பதா, வீட்டைப் பூட்டுவதா?

ஃப்ளூ காய்ச்சலுக்கென்றே உள்ள மருந்துகளை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணி முடித்துவிடலாம். அவற்றிலும் சில இப்போது பெயருக்குத்தான் இருக்கின்றன. ஆண்டுதோறும் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை ஃப்ளூவால் வரும் சுவாசக் கோளாறுகளில் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அப்படிப்பட்ட நோய்க்கு மருந்துப் பெட்டி இவ்வளவு காலியாக இருப்பது ஏன்? வைரஸை நேராகத் தாக்குவதை விட்டுவிட்டு, அது குடியேறும் மனித செல்லைக் குறி வைத்தால் என்ன என்று ஒரு யோசனை இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசப்படுகிறது. நல்ல யோசனைதான். ஆனால் அதைப் பற்றிச் சொல்லப்படும் பெருமைகளில் பாதி சரி, பாதி மிகை. எது எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்காவிட்டால், அடுத்த பெருந்தொற்று வரும்போதும் கையில் ஒன்றும் இருக்காது.

மூன்று மருந்துகள், ஒரே கதை

முதல் ஃப்ளூ மருந்து அமன்டடின். 1966-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வைரஸின் மேலுறையில் எம்2 என்றொரு சின்னஞ்சிறு குழாய் உண்டு. அதை அடைப்பதுதான் இந்த மருந்தின் வேலை. 2005-06 குளிர்காலத்தில் அமெரிக்காவில் சோதித்துப் பார்த்த எச்3என்2 வகை வைரஸ்களில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் இந்த மருந்துக்கு அடங்கவில்லை. 2006 ஜனவரியில், ஃப்ளூவுக்கு இதைத் தர வேண்டாம் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் மருத்துவர்களிடம் சொல்லிவிட்டது. வைரஸ் என்ன செய்தது? எம்2 புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றிக்கொண்டது. அவ்வளவுதான். நாற்பது ஆண்டு மருந்து செல்லாக்காசாகிவிட்டது. இன்று அமன்டடின் முக்கியமாகப் பார்க்கின்சன் நோயாளிகளுக்குத்தான் பயன்படுகிறது.

அடுத்தது ஒசெல்டாமிவிர், அதாவது எல்லோருக்கும் தெரிந்த டாமிஃப்ளூ. 1999-ல் வந்தது. பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவிலிருந்து எடுக்கும் ஷிகிமிக் அமிலம்தான் இதன் மூலப்பொருள். செல்லுக்குள் பெருகிய புது வைரஸ்கள் வெளியே கிளம்பும்போது கட்டை அறுத்துவிடும் நியூராமினிடேஸ் என்ற நொதியை இது முடக்குகிறது. 2008 ஜனவரியில் நார்வேயிலிருந்து ஒரு செய்தி வந்தது. அங்கே பரவிக்கொண்டிருந்த எச்1என்1 வைரஸ்களில் மூன்றில் இரண்டு பங்கு இந்த மருந்துக்குக் கட்டுப்படவில்லை. வேடிக்கை என்னவென்றால், நார்வே இந்த மருந்தை அதிகம் பயன்படுத்திய நாடே அல்ல! உலகிலேயே அதிகம் விழுங்கிய ஜப்பானில் அப்போது எதிர்ப்பு குறைவாகத்தான் இருந்தது. அடுத்த குளிர்காலத்திலேயே அமெரிக்காவில் சோதித்த எச்1என்1 வைரஸ்கள் ஏறத்தாழ அத்தனையும் டாமிஃப்ளூவை மீறின. 2009-ல் பெருந்தொற்றாக வந்த புதிய எச்1என்1 பழையதைத் துரத்திவிட்டு அந்த இடத்தைப் பிடித்தது. அது இந்த மருந்துக்கு அடங்குகிற ரகமாக இருந்தது மனிதர்களின் அதிர்ஷ்டம், திறமை அல்ல.

மூன்றாவது பாலோக்ஸாவிர். 2018-ல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. ஒரே ஒரு முறை விழுங்கினால் போதும். ஆனால் அனுமதிக்கு முந்தைய பரிசோதனைகளிலேயே, மருந்து எடுத்த பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவரிடமும், ஜப்பானியக் குழந்தைகளில் ஏறக்குறைய நாலில் ஒருவரிடமும், சிகிச்சை நடக்கும்போதே வைரஸ் மாறத் தொடங்கியிருந்தது.

இதற்குக் காரணம் வைரஸின் புத்திசாலித்தனம் அல்ல, அதன் கவனக்குறைவு. ஃப்ளூ வைரஸின் மரபணுத் தொகுதி எட்டு ஆர்என்ஏ துண்டுகள். அவற்றைப் படியெடுக்கும் நொதிக்கு, எழுதியதைத் திரும்பப் படித்துத் திருத்தும் பழக்கம் இல்லை. பிழைகள் குவிகின்றன. பெரும்பாலான பிழைகள் வைரஸுக்கே கேடு. ஆயிரத்தில் ஒன்று மருந்திலிருந்து தப்பிக்க உதவிவிட்டால் போதும், அடுத்த தலைமுறை அதன் வம்சம்தான்.

வீட்டுக்காரனின் சாமான்கள்

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்பார்கள். வைரஸ் அப்படித்தான். அதற்கென்று சொந்தமாக இருப்பது பத்துப் பன்னிரண்டு முக்கியப் புரதங்கள். மற்றதெல்லாம் குடியேறிய வீட்டின் சாமான்கள்.

உள்ளே நுழைவதற்கு, செல்லின் மேற்பரப்பில் இருக்கும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பிடித்துக்கொள்கிறது. செல் அதைத் தன் பைக்குள் இழுத்துக்கொண்டதும், அந்தப் பையைச் செல்லின் பம்புகள் அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் பட்டால்தான் வைரஸின் உறை பிரிகிறது. பிறகு அதன் ஆர்என்ஏ செல்லின் உட்கருவுக்குள் போக வேண்டும். உள்ளே விடும் வாசல்காரர்களும் செல்லின் புரதங்களே. படியெடுக்கும்போது செல்லின் சொந்த ஆர்என்ஏவின் தலையைக் கிள்ளித் தன் ஆர்என்ஏவுக்கு ஒட்டவைத்துக்கொள்கிறது. ஏஎன்பி32ஏ போன்ற செல் புரதங்கள் கைகொடுக்காவிட்டால் அதன் படியெடுக்கும் இயந்திரம் ஓடாது. கடைசியில், வைரஸின் மேல் முள்ளான ஹீமக்ளூட்டினினை ஓர் இடத்தில் வெட்டிவிட வேண்டும். வெட்டாவிட்டால் அடுத்த செல்லைத் தொற்ற முடியாது. அந்த வெட்டுக்கத்தியும் வைரஸிடம் கிடையாது. டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற மனித நொதிதான் மூச்சுக்குழாயில் அந்த வேலையைச் செய்து கொடுக்கிறது.

அப்படியானால் திருடனின் பின்னால் ஓடுவதற்குப் பதில் அவன் திருடும் சாமானைப் பூட்டி வைத்தால் என்ன? வைரஸின் மரபணு வேகமாக மாறும். மனிதனின் மரபணு அப்படி மாறாது. தவிர, எச்1என்1, எச்3என்2, பறவைக் காய்ச்சல் எல்லாம் ஏறத்தாழ ஒரே சாமான்களைத்தான் கேட்கின்றன. எனவே ஒரே மருந்து பல வைரஸ்களுக்கு. வாதம் கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது.

2008-க்கும் 2010-க்கும் இடையில் சில ஆய்வுக்குழுக்கள் இந்தச் சாமான் பட்டியலைத் தயாரிக்க முனைந்தன. ஒவ்வொரு மரபணுவாக அணைத்துவிட்டு, வைரஸ் திணறுகிறதா என்று பார்ப்பது அவர்கள் முறை. முதல் குழு பழ ஈயின் செல்களில் பார்த்தது. பிறகு மனித செல்கள். 2010-ல் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் ஒன்று 295 மரபணுக்களைச் சொன்னது, மற்றொன்று 287. அப்போதுவரை வந்த ஆறு ஆய்வுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது மொத்தம் 1,449 மனித மரபணுக்கள். அவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளில் தென்பட்டவை 128 மட்டுமே!

இதை வைத்துப் பட்டியலே பொய் என்று சொல்லிவிட முடியாது. செல் வேறு, வைரஸ் வேறு, அளந்த நேரம் வேறு. ஆனாலும் பட்டியலில் ஒரு பெயர் இருப்பதால் மட்டும் அது மருந்துக்கு இலக்காகிவிடாது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. திரும்பத் திரும்ப வந்தவை சில உண்டு. பையை அமிலமாக்கும் பம்பு, செல்லுக்குள் சரக்கு ஏற்றி இறக்கும் புரதங்கள், உட்கருவின் வாசல். இவை எல்லாம் செல்லுக்கே உயிர்நாடி. பிரச்சினையும் அங்கேதான் தொடங்குகிறது.

தப்பவே முடியாதா?

இந்த வகை மருந்துகளைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் பெருமை, வைரஸ் இவற்றிலிருந்து தப்பவே முடியாது என்பது. ஆய்வுக்கூடத்தில் இதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. செல்லுக்குள் செய்தி கடத்தும் மெக் என்ற நொதியை அடக்கினால் ஃப்ளூ வைரஸின் ஆர்என்ஏ உட்கருவிலிருந்து வெளியேற முடியாமல் சிக்கிக்கொள்கிறது என்று ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் 2001-ல் காட்டினார்கள். பிறகு பலமுறை வளர்த்துப் பார்த்தும் மருந்தை மீறும் வைரஸ் அவர்களிடம் தோன்றவில்லை.

ஆனால் 2023-ல் ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் வெளியிட்ட கோழி ஆய்வு இந்தப் பெருமைக்கு ஒரு கடிவாளம் போட்டது. முன்பு சொன்ன ஏஎன்பி32ஏ புரதத்தில் இரண்டே இரண்டு அமினோ அமிலங்களை மரபணுத் திருத்தம் மூலம் மாற்றிக் கோழிகளை வளர்த்தார்கள். வழக்கமான அளவு பறவைக் காய்ச்சல் வைரஸைக் கொடுத்தபோது பத்தில் ஒன்பது கோழிகளுக்குத் தொற்றவில்லை. அபாரம்! அளவை ஆயிரம் மடங்காக்கியபோது பாதிக் கோழிகளுக்குத் தொற்றியது. அதைவிட முக்கியம், அந்தக் கோழிகளிலிருந்து எடுத்த வைரஸ் மாறியிருந்தது. பூட்டிய சாமானை விட்டுவிட்டு, அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு இரண்டு புரதங்களைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டிருந்தது. மூன்றையும் நீக்கிய கோழி செல்களில்தான் வைரஸால் வளர முடியவில்லை.

வாசலைப் பூட்டினால் திருடன் ஜன்னலைத் தேடுவான். எச்ஐவியிலும் இது நடந்திருக்கிறது. 2007-ல் வந்த மராவிராக் என்ற மருந்து, எச்ஐவி பிடித்துக்கொள்ளும் சிசிஆர்5 என்ற மனிதப் புரதத்தை மறைக்கிறது. சில நோயாளிகளில் வைரஸ் வேறொரு புரதத்தைப் பிடித்து நுழைந்துவிடுகிறது. ஆகவே இந்த மருந்தைத் தனியாகத் தராமல் மற்ற மருந்துகளோடு சேர்த்துத்தான் தருகிறார்கள். அதனால் மருந்து வீணாகிவிடவில்லை. மனித செல்லைக் குறி வைக்கும் மருந்தும் சந்தைக்கு வர முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. எதிர்ப்பு தோன்றுவது கடினம், தாமதமாகும் என்பதுதான் உண்மை. முடியவே முடியாது என்பது விளம்பரம்.

வீட்டுக்காரனுக்கு அடி விழக்கூடாது

இன்னொரு சிக்கல் இன்னும் பெரியது. செல்லின் சாமான்கள் வைரஸுக்காகச் செய்து வைத்தவை அல்ல. அவற்றைப் பூட்டினால் வீட்டுக்காரனுக்கும் கஷ்டம்.

ஹெபடைட்டிஸ் சி வைரஸுக்காக அலிஸ்போரிவிர் என்ற மருந்து வந்தது. சைக்ளோஃபிலின் என்ற மனிதப் புரதத்தை அடக்குவது அதன் வழி. நல்ல பலன் தெரிந்து கடைசிக் கட்டப் பரிசோதனை வரை போனது. 2012 ஏப்ரலில், சில நோயாளிகளுக்குக் கணைய அழற்சி வந்து ஒருவர் இறந்ததால், அமெரிக்க அதிகாரிகள் பரிசோதனையை நிறுத்தினார்கள். அதற்குள் வைரஸை நேரடியாகத் தாக்கும் வேறு நல்ல மருந்துகள் வந்துவிட்டன. அலிஸ்போரிவிர் பின்தங்கிப் போனது.

அடுத்த பாடம் குளோரோகுயின். மலேரியாவுக்குத் தரும் பழைய மருந்து. செல்லின் பை அமிலமாவதை இது குறைக்கும். ஃப்ளூவுக்கு அந்த அமிலம் வேண்டும் என்பதால், தர்க்கப்படி இது ஃப்ளூவைத் தடுக்க வேண்டும். ஆய்வுக்கூடத் தட்டில் தடுக்கவும் செய்தது. சிங்கப்பூரில் சுமார் 1,500 பேரிடம் பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்த்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். ஃப்ளூ தடைபடவில்லை. இந்தப் பாடத்தை உலகம் படித்திருந்தால் 2020-ல் கோவிட் நேரத்தில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினுக்காக அவ்வளவு தள்ளுமுள்ளு நடந்திருக்காது. குரங்கின் சிறுநீரக செல்லில் கொரோனாவைத் தடுத்த குளோரோகுயின், மனித நுரையீரல் செல்லில் தடுக்கவில்லை என்று அதே ஆண்டிலேயே தெரிந்தது. காரணம், நுரையீரல் செல்லில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 இருக்கிறது. கொரோனா அமிலப் பைக்காகக் காத்திருக்காமல் அந்தக் குறுக்கு வழியில் புகுந்துவிட்டது. எந்தச் செல்லில் சோதிக்கிறார்கள் என்பதே பாதி விடையைத் தீர்மானித்துவிடுகிறது!

டிஎம்பிஆர்எஸ்எஸ்2 உண்மையிலேயே நம்பிக்கை தரும் இலக்கு. அந்த மரபணு இல்லாத எலிகள் பார்வைக்கு ஆரோக்கியமாகவே வாழ்கின்றன. எச்1என்1, எச்7என்9 வைரஸ்களைக் கொடுத்தாலும் அவை தாக்குப்பிடிக்கின்றன என்று 2013, 2014-ல் வந்த ஆய்வுகள் காட்டின. வீட்டுக்காரனுக்கு அவ்வளவாகத் தேவைப்படாத, திருடனுக்குக் கட்டாயம் தேவைப்படுகிற சாமான். இதைவிட நல்ல இலக்கு கிடைக்குமா? ஆனால் எச்3என்2 விஷயத்தில் பாதுகாப்பு குறைவு, இன்ஃப்ளூயன்ஸா பி-க்கு வேறு கத்திகளும் போதும். இந்த நொதியை அடக்கும் கமோஸ்டாட் என்ற ஜப்பானிய மருந்தை டென்மார்க்கில் கோவிட் நோயாளிகளுக்குக் கொடுத்தபோது பலன் தெரியவில்லை. இலக்கு சரியாக இருந்தாலும், மருந்து போதிய அளவில் சரியான இடத்துக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர வேண்டும்.

மனிதர்களிடம் இதுவரை என்ன தெரிந்தது?

டிஏஎஸ்181 என்ற மருந்து, மூச்சுக்குழாயில் இருக்கும் சியாலிக் அமிலத்தையே வெட்டி எறிந்துவிடுகிறது. கைப்பிடி இல்லாத கதவு மாதிரி. ஃப்ளூ நோயாளிகளிடம் சோதித்தபோது வைரஸின் அளவு குறைந்தது. ஆனால் நோயாளிகள் சீக்கிரம் குணமானதாகக் காட்ட முடியவில்லை.

வயிற்றுப்போக்குக்குத் தரும் நிட்டாசோக்ஸனைடு, ஹீமக்ளூட்டினின் செல்லுக்குள் முழு வடிவம் பெறுவதைக் குலைக்கிறது. 2014-ல் வெளியான அமெரிக்கப் பரிசோதனையில், சாதாரண ஃப்ளூ நோயாளிகளுக்கு அறிகுறிகள் அடங்க 116.7 மணி நேரம் ஆனது, மருந்து எடுத்தவர்களுக்கு 95.5 மணி நேரம். பிறகு மெக்சிகோவில் கடுமையான சுவாச நோயோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்குக் கொடுத்தபோது அவர்கள் தங்கும் நாட்கள் குறையவில்லை.

மெக் நொதியை அடக்கும் சாப்னோமெட்டினிப்பை மருத்துவமனை நோயாளிகளிடம் சோதிக்கும் வாய்ப்பு வந்தது ஃப்ளூவில் அல்ல, கோவிட் நேரத்தில்தான்.

தொடக்கம் சுமார்தான். ஆனால் டாமிஃப்ளூவின் சாதனையும் வானளாவியதல்ல. 2014-ல் காக்ரேன் குழு பரிசோதனை ஆவணங்களைத் தோண்டியெடுத்துப் பார்த்தபோது, பெரியவர்களுக்கு அது அறிகுறிகளைக் குறைத்த நேரம் சராசரியாக 16.8 மணி நேரம். ஒரு நாள்கூட இல்லை! அதை வாங்கித்தான் அரசுகள் கிடங்கு கிடங்காக அடுக்கி வைத்தன.

அப்படியானால் செய்ய வேண்டியது

தடுப்பூசி இருக்கிறதே, மருந்து எதற்கு என்று கேட்பவர்கள் 2009-ஐ நினைத்துப் பார்க்கலாம். ஜூன் 11 அன்று பெருந்தொற்று என்று அறிவிப்பு வந்தது. அமெரிக்காவில் தடுப்பூசி கைக்கு வந்தது அக்டோபரில். அந்த மாதமே இரண்டாம் அலை உச்சத்துக்குப் போய்விட்டது. இடைப்பட்ட மாதங்களில் மனிதர்களைக் காப்பாற்ற மருந்தை விட்டால் வேறு வழியில்லை. 2024 மார்ச்சில் அமெரிக்கக் கறவை மாடுகளில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு இதை வெறும் கற்பனை பயம் என்று யாரும் ஒதுக்க முடியாது.

ஆகவே செல்லைக் குறி வைக்கும் ஆராய்ச்சி தேவை. ஆனால் மூன்று விஷயங்களில் தெளிவு வேண்டும்.

முதலாவது, இவற்றை மாற்று மருந்தாக அல்லாமல் கூட்டு மருந்தாக வளர்க்க வேண்டும். வைரஸைத் தாக்கும் ஒன்று, செல்லைப் பூட்டும் ஒன்று என்று இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், வைரஸ் ஒரே நேரத்தில் இரண்டு விதமாக மாறினால்தான் தப்ப முடியும். எச்ஐவியிலும் காசநோயிலும் பலகாலமாகத் தெரிந்த பாடம் இது.

இரண்டாவது, ஃப்ளூவின் குறுகிய ஆயுளே இந்த மருந்துகளுக்குச் சாதகம். அலிஸ்போரிவிர் மாதக்கணக்கில் கொடுக்க வேண்டிய மருந்து. ஃப்ளூவுக்கு நாலைந்து நாள் போதும். முடிந்தால் மூச்சுக்குழாய்க்கு மட்டும் போகும்படி உறிஞ்சும் மருந்தாக. நாலைந்து நாள் ஒரு சாமானைப் பூட்டி வைத்தால் வீட்டுக்காரன் சமாளித்துவிடுவான். ஆயுள் முழுக்கப் பூட்டினால்தான் தொல்லை. இலக்குகளைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். தட்டில் வேலை செய்ததை வைத்துத் தலைப்புச் செய்தி போடுவதை நிறுத்திவிட்டு, மனிதர்களிடம் பெரிய அளவில் சோதிக்கும் ஏற்பாட்டை முன்கூட்டியே தயாராக வைக்க வேண்டும். 2020-ல் பிரிட்டனின் ரெகவரி பரிசோதனை இதற்கு நல்ல முன்மாதிரி. மார்ச்சில் தொடங்கி ஜூனுக்குள், டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான பழைய மருந்து வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலனில்லை என்பதையும் காட்டியது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயினால் பலனில்லை என்று தெளிவாகச் சொன்னதும் அதே பரிசோதனைதான். டெக்ஸாமெத்தசோன் வைரஸைத் தொடவே இல்லை, நோயாளியின் உடலை அடக்கியது. அதை அப்படியே ஃப்ளூவுக்கும் கொண்டுவந்துவிட முடியாது. ஆனால் கேள்வி கேட்கும் முறையைக் கொண்டுவரலாம்.

இதற்குப் பணம் யார் தருவது? காப்புரிமை முடிந்த பழைய மருந்தை ஃப்ளூவுக்காகச் சோதிப்பதில் எந்த மருந்துக் கம்பெனிக்கும் லாபம் இல்லை. லாபம் இல்லாத இடத்தில் கம்பெனி வராதது குற்றமும் அல்ல. அந்த இடத்தில் அரசுகள்தான் இறங்க வேண்டும். ஆண்டுதோறும் வரும் சாதாரண ஃப்ளூ பருவத்திலேயே மருத்துவமனைகளைச் சேர்த்து இந்தப் பரிசோதனைகளை ஓட்டிப் பழக வேண்டும். இந்தியாவில் 2015-ல் மட்டும் எச்1என்1 ஏறத்தாழ மூவாயிரம் பேரைக் கொன்றது. அது பெருந்தொற்று ஆண்டுகூட அல்ல. நோயாளிகள் இங்கே இருக்கிறார்கள், மலிவாக மருந்து செய்யும் தொழிற்சாலைகளும் இங்கே இருக்கின்றன. இந்தக் கேள்விகளுக்கான விடை வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

திருடனைப் பிடிப்பதா, வீட்டைப் பூட்டுவதா என்ற கேள்வியே தவறு. ஊரில் திருட்டு பயம் இருந்தால் காவலும் போடுவார்கள், பூட்டும் போடுவார்கள். பூட்டு வாங்கும்போது ஒன்றை மட்டும் பார்த்தால் போதும்: உள்ளே இருப்பவர்கள் மூச்சுவிட முடிகிறதா? அதைக் கடைக்காரர் சொல்லக் கேட்டு நம்பாமல், திருடன் வருவதற்கு முன்பே போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் புத்திசாலித்தனம்.